முன்னறிந்த புயலும் ஊழும்

உலகில் ஓராண்டில் உருவாகும் வெப்பமண்டலப் புயல்களில் வங்காள விரிகுடாவின் பங்கு சிறியது. ஆனால் வரலாற்றில் மிகுதியான உயிர்களைப் பலிகொண்ட புயல்களைப் பட்டியலிட்டால் அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடலில் தோன்றியவையே. வடக்கே போகப்போகக் குறுகும் விரிகுடா, ஆழமில்லாத கரையோரம், கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் கழிமுகங்கள், அங்கே நெருங்கி வாழும் மக்கள் ஆகிய நான்கும் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன. காற்றைவிட, காற்று கரைமேல் ஏற்றிவிடும் கடல்நீரே அதிகம் பேரைக் கொல்கிறது. 1970 நவம்பர் 12 இரவு இன்றைய வங்கதேசத்தின் போலா தீவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கிய புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் பாராதீப் அருகே கரையைக் கடந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதே ஒடிசாவில் 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். அதற்கு முன்பே ஏறத்தாழ 10 லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள்.

ஒரே கரையில், 14 ஆண்டு இடைவெளியில், சாவின் கணக்கு இவ்வளவு மாறியது ஒரு பழைய சமயக் கேள்வியைப் புதிதாக்குகிறது. புயலில் நேரும் சாவு விதியா, இறைவன் செயலா, மனிதர்கள் பதில் சொல்ல வேண்டிய ஒன்றா? புயல் வரும் நாள் எவருக்கும் தெரியாத காலத்தில் இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகள் உண்டு. புயலின் பாதை மூன்று நாளுக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும் இக்காலத்தில் அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதே இங்கே ஆராயப்படுவது.

தண்டனை என்ற விளக்கம்

பேரழிவைத் தெய்வ தண்டனையாகக் காண்பது மிகப் பழைய விளக்கம். புகார் நகரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலைக் காப்பியம் சொல்லும் காரணம் இவ்வகையைச் சேர்ந்தது. மகனை இழந்த துயரில் மூழ்கிய சோழ மன்னன் இந்திர விழாவை நடத்தத் தவறினான். சாபம் பலித்து நகரம் கடலுக்குள் போனது. இதில் தவறியவன் ஒருவன், அழிந்தவர்கள் ஊர் முழுவதும். தண்டனை விளக்கத்தின் முதல் இடர்ப்பாடு இதுதான்: தவறுக்கும் துன்பத்துக்கும் இடையில் நியாயமான அளவு இல்லை. ஆயினும் அரசு தன் கடமையில் தவறினால் குடிகள் அழிவார்கள் என்ற எண்ணம் இக்கதைக்குள் இருக்கிறது. கடமை எது என்பதை மாற்றிக்கொண்டால் அந்த எண்ணம் இன்றைக்கும் பொருந்தும்.

ஐரோப்பாவில் இந்த விளக்கம் ஆட்டம் கண்டது 1755 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர் பெருவிழா நாளில், லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்தபோது. எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை வால்டேர் அதை வைத்தே ஒரு கவிதையில் தாக்கினார். அதற்கு மறுமொழியாக ரூசோ 1756இல் எழுதிய கடிதம் வாதத்தை வேறு திசைக்குத் திருப்பியது. ஆறேழு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லை என்றும், பணத்தையும் துணியையும் எடுக்கப் போய் இறந்தவர்கள் பலர் என்றும் அவர் சுட்டினார். இடர் இயற்கையிலிருந்து வருகிறது, பேரிடராக அதை மாற்றுவது மனித ஏற்பாடு என்று பேரிடர் மேலாண்மைத் துறை இன்று செய்யும் வேறுபாட்டின் தொடக்கத்தை இக்கடிதத்தில் காணலாம்.

இந்தியாவில் இதே விவாதம் 1934இல் நடந்தது. அவ்வாண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. தீண்டாமைக்கு எதிரான பயணமாக அப்போது தமிழ்நாட்டில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையாக அதைக் கருதுவதாகச் சொன்னார். தீண்டாமை ஒழிப்பில் காந்தியோடு முற்றிலும் உடன்பட்ட தாகூர் இந்த விளக்கத்தை வெளிப்படையாக மறுத்தார். பௌதிக நிகழ்வுக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்பது அவர் நிலைப்பாடு. இத்தகைய வாதத்தை எதிர்த்தரப்பு எளிதாகத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். தீண்டாமையை எதிர்த்ததற்காகவே நிலம் நடுங்கியது என்று ஒரு வைதிகர் சொன்னால் அதை மறுக்க இந்த விளக்கத்துக்குள் வழி இல்லை. அதோடு, தண்டனை விளக்கம் நடந்து முடிந்ததற்குப் பொருள் சொல்கிறதே தவிர, அடுத்த புயலுக்கு எந்தக் கதவைச் சாத்த வேண்டும், எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வதில்லை.

ஊழும் முயற்சியும்

தண்டனையைவிட அமைதியான விளக்கம் விதி. போகிற உயிர் எங்கே இருந்தாலும் போகும் என்ற பேச்சை எந்தக் கடற்கரை ஊரிலும் கேட்கலாம். இதன் முழுமையான தத்துவ வடிவம் ஆசீவகத்தில் உள்ளது. மற்கலி கோசாலர் எல்லாம் நியதிப்படியே நடக்கிறது, மனித முயற்சியால் ஆவது எதுவுமில்லை என்று கற்பித்தார். திருக்குறள் ஊழின் வலிமையைப் பேச ஓர் அதிகாரத்தையும், ஆள்வினையுடைமை என்று சோராத முயற்சியைப் பேச இன்னோர் அதிகாரத்தையும் ஒதுக்குகிறது. இவ்விரண்டும் முரண்படுகின்றனவா என்ற கேள்வி உரையாசிரியர்கள் காலந்தொட்டுத் தொடர்கிறது. வருமுன் காவாத வாழ்க்கை அழியும் என்ற கருத்து அதே நூலில் வேறோரிடத்தில் வருகிறது.

கிரேக்க தத்துவத்தில் இச்சிக்கலுக்குச் சோம்பல் வாதம் என்று பெயர். நோய் தீரும் என்பது விதியானால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும். தீராது என்பது விதியானால் அழைத்தும் பயனில்லை. எனவே அழைக்க வேண்டாம் என்பது அந்த வாதம். ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் இதற்கு விடை சொன்னதை சிசரோ பதிவு செய்திருக்கிறார். விளைவு மட்டும் விதிக்கப்பட்டதென்று ஏன் கொள்ள வேண்டும்? மருத்துவரை அழைப்பதும் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கலாம். புயலுக்கு இதைப் பொருத்தினால், பிழைப்பது ஒருவரின் விதியானால் சாயங்காலமே பாதுகாப்பு மையத்துக்குப் போவதும் அந்த விதிக்குள் அடங்கும். விதியை நம்புகிறவரும் வீட்டில் உட்கார்ந்திருக்க அந்த நம்பிக்கை காரணமாகாது.

பௌத்தம் இன்னும் நேராகப் பேசுகிறது. மனிதர் படும் வேதனை அனைத்தும் முன்வினைப் பயன் என்ற கருத்து சரியா என்று சீவகன் என்ற துறவி கேட்க, புத்தர் எட்டுவகைக் காரணங்களை எண்ணிச் சொன்னதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. அவற்றில் முன்வினை ஒன்று மட்டுமே. பருவ மாற்றமும், கவனமின்மையும், பிறர் தாக்குதலும் தனித்தனியே அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. பருவம் வினையிலிருந்து பிரித்து எண்ணப்பட்டதால், காற்றையும் மழையையும் அவற்றுக்கே உரிய காரணங்களோடு ஆராய அச்சமயத்துக்குள் தடை இல்லை. இஸ்லாத்தில் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை விடச் சொல்லும் நபிமொழி இதே பொருளில் எடுத்தாளப்படுவது வழக்கம்.

ஆக, ஆசீவகத்தைத் தவிர்த்தால், இம்மரபுகளில் எதுவும் எச்சரிக்கையைக் கேட்ட பின் கைகட்டி இருக்கச் சொல்லவில்லை. ஆனாலும் விதி என்ற சொல் மறையவில்லை, மறைய வேண்டியதும் இல்லை. அச்சொல்லை யார், எப்போது சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அறப்பொருள் மாறுகிறது. மகனைக் கடலுக்குக் கொடுத்த தாய், எல்லாம் முடிந்தபின், விதி என்று சொன்னால் அது ஆறுதல். தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு சாகாமல் அவளைக் காப்பது அச்சொல்தான். தங்குமிடம் கட்டவும் செய்தியை அனுப்பவும் கடமைப்பட்டவர்கள் அதையே சொன்னால் அது தட்டிக்கழிப்பு. புயலுக்கு முன்பே ஒருவர் சொன்னால் அது சோம்பல் வாதம்.

முன்னறிவிப்பு எத்தகைய அறிவு

விதியை எதிர்த்து வைக்கப்படும் முன்னறிவிப்பு முழு அறிவா என்றால், இல்லை. வருங்காலத்தைச் சொல்வது சோதிடமும் பஞ்சாங்கமும் பழகிய வேலை. வானிலை முன்னறிவிப்பு அவற்றிலிருந்து வேறுபடுவது தன் பிழையை அளந்து தானே வெளியிடுவதில். புயலின் உத்தேசப் பாதையைக் காட்டும் வரைபடத்தில் நாள் செல்லச்செல்ல அகலும் கூம்பு ஒன்று இருக்கும். அது புயலின் பரப்பு என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது முந்தைய ஆண்டுகளில் கணிப்பு எவ்வளவு தவறியது என்பதிலிருந்து வரையப்படுவது. தெரியாமையின் அளவையே அந்தப் படம் தெரிவிக்கிறது.

இவ்வடக்கத்துக்கு வரலாறு உண்டு. 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்ததை அடுத்து, பிரிட்டனின் வானிலைத் துறையை நடத்திய ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861இல் தந்தி வழியே துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். தாம் சொல்பவை தீர்க்கதரிசனங்கள் அல்ல என்று அவர் வற்புறுத்தியும், தவறிய ஒவ்வொரு முறையும் ஏளனம் வந்தது. 1865இல் அவர் இறந்தபின் அறிவியல் அடிப்படை போதாதென்று எச்சரிக்கைச் சேவை நிறுத்தப்பட்டது. கடலோடிகளும் துறைமுகத்தாரும் கேட்டதால் 1867இல் அது மீண்டும் தொடங்கியது. சில சமயம் தவறும் எச்சரிக்கையும் தங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அதை நம்பிக் கடலுக்குப் போனவர்களே.

தவறுக்குக் கருவிக் குறை மட்டும் காரணம் இல்லை. தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் நாள்கள் செல்லச்செல்லப் பெருகி முற்றிலும் வேறான வானிலையைத் தரக்கூடும் என்று எட்வர்டு லாரன்ஸ் 1963இல் காட்டினார். காற்று மண்டலம் விதிகளுக்குக் கட்டுப்பட்டே இயங்கினாலும், இரண்டு வாரத்துக்கு அப்பால் அதன் அன்றாட நிலையைச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். எல்லாம் நிர்ணயிக்கப்பட்டிருந்தாலும் எல்லாவற்றையும் அறிய முடியாது என்பது தத்துவத்துக்கு லாரன்ஸ் தந்த செய்தி. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1920களில் கல்கத்தாவின் அலிப்பூர் ஆய்வுமையத்தில் வானிலையாளராகப் பணியாற்றியவர். எந்தக் கூற்றையும் நிபந்தனையோடு மட்டுமே சொல்ல வேண்டும் என்னும் சமணரின் சியாத்வாதத்துக்கும் நிகழ்தகவுச் சிந்தனைக்கும் உறவிருப்பதாக அவர் பின்னாளில் எழுதினார்.

நிகழ்தகவாகச் சொல்லப்பட்டது நடக்காமல் போனால் சொன்னவர் பொய் சொன்னவர் ஆவதில்லை. பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு என்றால் பத்தில் ஏழு முறை அது நடக்காது. ஆனால் வெளியேறியதன் இழப்பும் வெளியேறாததன் இழப்பும் சமமல்ல: ஒன்று இரண்டு நாள் கூலி, இன்னொன்று உயிர். எனவே வாய்ப்பு குறைவாக இருந்தாலும் எச்சரிக்கக் கடமை உண்டு. அந்தக் கடமையோடு இன்னொன்றும் ஒட்டி வருகிறது. உறுதியில்லாததை உறுதிபோலச் சொல்லி மக்களை நகர்த்துவது அன்றைக்குப் பலன் தரலாம். அடுத்த முறை அவர்கள் நகர மாட்டார்கள். 1970இல் போலா பகுதியில் புயல் வருவதைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகப் பலர், உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியவர்கள் மிகச் சிலர். ஒதுங்க அத்தகைய கட்டடங்களும் அங்கே போதிய அளவில் இல்லை.

செய்தி செயலாவது

அறிவு மட்டும் உயிர் காப்பதில்லை என்பதற்கு இன்னும் பழைய சான்று கல்கத்தா அருகே உள்ளது. புயலுக்கு 'சைக்ளோன்' என்ற ஆங்கிலப் பெயரைத் தந்த ஹென்றி பிடிங்டன், மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் திட்டத்தை எதிர்த்து 1853இல் கவர்னர் ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார். புயல் வெள்ளம் அவ்விடத்தை என்றாவது ஒருநாள் மூழ்கடிக்கும் என்பது அவர் எச்சரிக்கை. துறைமுகம் கட்டப்பட்டது. 1867 புயலில் கேனிங் என்ற அந்தத் துறைமுகம் சிதைந்தது. புகார்க் கதையில் விழா எடுக்காத மன்னன் குற்றவாளி. இங்கே எச்சரிக்கையைக் கேளாத அரசு. இந்த இரண்டாவது குற்றத்துக்கு மட்டுமே காரண காரிய உறவைக் காட்ட முடியும்.

1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும் அதன்பின் வந்த பஞ்சங்களும் 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாகக் காரணமாயின. அத்துறை துறைமுகங்களில் ஏற்றச் சொல்லும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் கொடிமரத்தில் ஏறும். பத்தாம் எண் வரை அபாயம் படிப்படியாகக் கூடுகிறது. பதினோராம் எண்ணின் பொருள் வேறு. எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் என்று துறைமுக அதிகாரி தாமே கருதுகிறார் என்பதை அது குறிக்கிறது. அறிவு வரும் வழி அடைபட்ட பின்னும் பொறுப்பு நீங்குவதில்லை என்ற கொள்கை இந்த ஒரு கூண்டுக்குள் அடங்கியிருக்கிறது.

கூண்டு துறைமுகத்துக்குச் சொல்கிறது. குடிசைக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். 1970க்குப் பின் வங்கதேச அரசும் செஞ்சிலுவை அமைப்பும் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டம் இதற்காகவே ஊர்த் தொண்டர்களை உருவாக்கியது. அபாயம் கூடக்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடி ஏற்றுவதும், கையால் சுழற்றும் சங்கை ஊதி ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவதும் அவர்கள் வேலை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் சேர்ந்துகொள்கின்றன. தொண்டர்கள் இன்று 70,000க்கும் மேல், பாதிப்பேர் பெண்கள். 1991இல் ஏறத்தாழ 1.4 லட்சம் பேரைக் கொன்ற புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக இறந்தனர். அந்நிய ஆண்கள் நிறைந்த மையத்துக்குப் போகத் தயங்கியதும், கணவர் வரும்வரை காத்திருந்ததும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அறிவிப்பு ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருவதும் மையத்தில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் இருப்பதும் இக்காரணங்களை நீக்கும் வழிகள். 2007இல் வந்த சித்ர் புயலில் அந்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர்.

கட்டாயப்படுத்தலாமா

வெளியேற மறுப்பவரை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில், பழுதான பாலத்தில் காலெடுத்து வைப்பவரை உதாரணமாக்குகிறார். எச்சரிக்க நேரமில்லையென்றால் பிடித்து நிறுத்தலாம். ஆபத்து உறுதியில்லாமல் வாய்ப்பாக மட்டும் இருந்தால், எச்சரித்துவிட்டு முடிவை அவரிடமே விட வேண்டும் என்பது அவர் கருத்து. புயல் எப்போதும் வாய்ப்பாகவே வருவதால் கட்டாயம் கூடாது என்று இதிலிருந்து வாதிடலாம். ஆனால் பாலத்தில் நடப்பவர் தனியாள். கரையோர வீட்டில் குழந்தையும் படுக்கையில் கிடக்கும் கிழவியும் இருக்கிறார்கள். நள்ளிரவில் நீர் ஏறியபின் அவர்களைத் தேடிப் போகும் மீட்பரின் உயிரும் பணயமாகிறது.

மறுப்பவரின் காரணத்தைக் கேட்டால் இச்சிக்கல் பெரும்பாலும் தளர்கிறது. சாகத் துணிந்து மறுப்பவர் மிகக் குறைவு. மாட்டை யார் பார்ப்பது, படகையும் வலையையும் யார் காப்பது, பூட்டிய வீட்டில் திருட்டுப் போனால் என்ன செய்வது என்பவையே பெரும்பாலோரின் காரணங்கள். வங்கதேசக் கடலோரத்தில் கால்நடைகளுக்காக உயர்த்தப்பட்ட 'கில்லா' என்னும் மண்மேடுகள் இதற்கு விடையாக எழுந்தவை. மாட்டுக்கு இடம் கிடைத்தால் மனிதர் தாமாகவே கிளம்புவார். கட்டாயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இத்தகைய காரணங்களை நீக்குவது சமூகத்தின் கடமை.

அறிவிப்பு எட்டாதவர்களும் நகர முடியாதவையும்

எச்சரிக்கை எல்லோரையும் ஒரேபோல அடைவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக வலுத்தபோது, தங்கல் மீன்பிடிப்புக்காகப் பல நாள் முன்பே ஆழ்கடல் போயிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இல்லை. கைபேசி அலை அங்கே எட்டாது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தோ காணாமலோ போயினர். செய்தி எட்டாதவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது அறமாகாது. செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் அதன்பின் பரவலாயின. முன்பு விதி என்று சொல்லப்பட்டிருக்கக்கூடிய ஒன்று அக்கருவிகளால் பொறுப்பின் எல்லைக்குள் வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா வேறொரு எல்லையைக் காட்டியது. முன்னதாகவே 80,000 பேர் முகாம்களுக்குப் போயிருந்ததால் பல உயிர்கள் தப்பின. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகள் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. தென்னையை முகாமுக்குக் கொண்டுபோக முடியாது. நட்ட பிள்ளை காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்து உயிர் தப்பியவர் வாழ்வை இழந்து நின்றால், அவர் கடமையைச் செய்துவிட்டார், சமூகத்தின் பங்கு பாக்கி நிற்கிறது. நிவாரணத்தையும் காப்பீட்டையும் கருணையாகக் கருதாமல் கடனாகக் கருதுவதற்கு இதுவே நியாயம்.

மாறும் காலநிலை

இதுவரை புயல் இயற்கையினுடையது, தற்காப்பு மனிதருடையது என்ற பிரிவினை அப்படியே இருந்தது. காலநிலை மாற்றம் அதையும் கலைக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். புயல் மழை அதற்கேற்பக் கனக்கிறது. கடல்மட்டம் உயர்ந்திருப்பதால் அதே வலிமையுள்ள காற்றும் நீரை இன்னும் உள்ளே தள்ளுகிறது. உலக அளவில் புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று சொல்ல முடியாவிட்டாலும், அவற்றில் கடும்புயல்களின் விகிதம் கடந்த நாற்பது ஆண்டுகளில் கூடியிருக்கலாம் என்பது 2021இல் வெளிவந்த ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கை. தனியொரு புயலை எடுத்து இது இன்னாரால் வந்தது என்று கைகாட்ட முடியாது. அதன் மழையிலும் நீர்மட்டத்திலும் மனிதக் கை கலந்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

இங்கே தண்டனை விளக்கம் புது உருவில் திரும்பி வரப் பார்க்கிறது: இயற்கையைச் சீண்டியதற்குக் கிடைத்த பலன் என்ற பேச்சு. காரண காரிய அளவில் அதில் உண்மை உண்டு. அற அளவில் பழைய இடர்ப்பாடு அப்படியே நிற்கிறது. கரிவளியை மிகுதியாக வெளியிட்டவர்கள் வேறு. சுந்தரவனத்திலும் போலாவிலும் வேதாரண்யத்திலும் நனைபவர்கள் வேறு. மன்னன் தவறியதற்கு ஊர் அழிந்த கதையின் அநீதி இங்கே உலக அளவுக்கு விரிகிறது. சாபத்தை எதிர்த்து வழக்காட முடியாது; உமிழ்வுக்கு அளவு உண்டு, கணக்கு உண்டு. ஆதலால் அதற்குப் பொறுப்பையும் பங்கிட்டுக் கேட்க முடியும்.

சமயத்துக்கு எஞ்சும் இடம்

முன்னறிவிப்பு வந்ததால் சமயத்தின் பணி முடிந்துவிடவில்லை. புயலுக்கான காரணத்தைச் சொல்லும் வேலையை அது வானிலையாளரிடம் விட்டுவிடலாம். செய்தியை நம்பவைக்கும் வேலை இன்னும் அதனிடமே பெருமளவு இருக்கிறது. அரசின் குறுஞ்செய்தியைவிடப் பங்குத்தந்தையின் சொல்லுக்கோ இமாமின் அழைப்புக்கோ கோயில் தர்மகர்த்தாவின் வார்த்தைக்கோ முதலில் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. கோயில் மண்டபமும் தேவாலயமும் பள்ளிவாசலும் பல ஊர்களில் கையருகே உள்ள உறுதியான கட்டடங்கள். அங்கே சாதியோ மதமோ பார்த்துக் கதவு திறந்தால் எச்சரிக்கை பாதி ஊருக்கே பயன்படும். புயல் போனபின் இறந்தவருக்குச் சடங்கு செய்வதும் இருப்பவரைத் தேற்றுவதும் வேறு எந்தத் துறையாலும் ஆகாதவை.

எனவே ஊழ், பொறுப்பு இரண்டுக்கும் இடமுண்டு. அவற்றுக்கு இடையிலுள்ள எல்லை நிலையானதன்று. ஒரு சமூகம் எவ்வளவு முன்னதாக அறிகிறது, அறிந்ததை எத்தனை பேருக்குச் சொல்கிறது, கேட்டவர் நடந்துகொள்ள எவ்வளவு வசதி செய்து தருகிறது என்ற மூன்றையும் பொறுத்து அது நகர்கிறது. இம்மூன்றையும் செய்த பின்னும் நேரும் இழப்பை ஊழ் என்பதில் தவறில்லை. செய்யாமல் விட்டதால் நேர்ந்ததை அப்பெயரால் அழைப்பது சமய நோக்கிலும் பொருந்தாது, அறிவியல் நோக்கிலும் பொருந்தாது.